இடைக்கதவும் வைஃபையும்

எங்கள் வீட்டு வைஃபைக்கு நான் பூட்டுப் போட்ட கதையைச் சொன்னால் கீழக்கரையில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "அப்ப நீ பாத்த வேலைதானா அது?" என்று சண்டைக்கு வருவார்கள். அத்தனை பேர் அதில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எங்கள் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணமான பெண் பிறந்த இடத்தை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகள்கள் எத்தனையோ அத்தனை வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் வாப்பாமார் மூச்சு விடுவார்கள். அப்படி எங்கள் வாப்பா வரிசையாகக் கட்டிய வீடுகளில் நடுவில் இருப்பது என்னுடையது. வலப்பக்கம் லாத்தா, அதாவது என் அக்கா. இடப்பக்கம் தங்கச்சி. அதற்கும் அடுத்தது உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஓர் இடைக்கதவு இருக்கும். பெண்கள் தெருவில் கால் வைக்காமலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்விடலாம். குழம்புச் சட்டி போகும், கைக்குழந்தை போகும், வம்பு எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். கதவுகளில் தாழ்ப்பாள் உண்டு. ஆனால் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர், நாங்கள் சொல்கிற முறையில் மச்சான், துபாயில் இருக்கிறார். ஒரு லீவுக்கு வந்தபோதுதான் வீட்டுக்கு வைஃபை போட்டார். நல்ல மனிதர், கை தாராளம். ரவுட்டரை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று இணைப்புக் கொடுக்க வந்தவர் கேட்டதற்கு, "நாலு வீட்டுக்கும் எட்டணும், அத மட்டும் பாருங்க" என்றார். பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு எங்கள் குடும்பத்துப் பட்டப்பெயரைச் சொல்லி, பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று போடச் சொன்னார்.

இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அதைப் போடாவிட்டால் எந்த வீட்டுக் கல்யாணம் என்றே யாருக்கும் புரியாது. மீன் விற்கிறவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்கள் வாசலில் கூப்பிடுவார். அதைப் போய் ரகசியச் சொல்லாக வைத்துவிட்டு மச்சான் நிம்மதியாக விமானம் ஏறினார். அது போதாதென்று, புறப்படுவதற்கு முன் வைத்த விருந்தில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்ட உறவுக்காரர்கள் எல்லோருக்கும் வாயாலேயே பாஸ்வேர்டைப் பரிமாறியிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டைப் பொதுவில் வைப்பவர்களுக்கு வைஃபையைத் தனியாக வைக்கத் தோன்றுமா?

அதெல்லாம் எனக்கும் சரியாகத்தான் இருந்தது, நான் டீச்சர் ஆகிறவரை.

தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருந்தவள் நான். மகளும் மதுரையில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. சாயந்தரம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால், பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் முடியும். ஷார்ஜா, குவைத், தோஹா என்று பல ஊர்ப் பிள்ளைகள் சின்னச் சின்னக் கட்டங்களில் வந்து உட்காருவார்கள். வீட்டுச் செலவை எல்லாம் மச்சான் பார்த்துக்கொள்கிறார், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இது என்னுடையது. ஊருக்குள் நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெஞ்சாதி, இன்னாருடைய உம்மா. "டீச்சர்" என்று என்னைக் கூப்பிடும் இடம் அந்தத் திரை ஒன்றுதான். அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தத் திரைதான் நின்று நின்று போனது. ழகரம் சொல்லிக்கொடுக்கிற அன்று, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று வாயை அகலத் திறந்து காட்டினேன். சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்தது. இணைப்புத் திரும்பி வருவதற்குள் குவைத்துப் பிள்ளை ஒன்று அதைப் படம் பிடித்து ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் போட்டுவிட்டது. இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் "சரி டீச்சர்" என்று எழுதுவதற்குப் பதிலாக என் திறந்த வாயைத்தான் அனுப்புகிறார்கள். சென்னையிலிருந்து வகுப்புகளை நடத்தும் அம்மையார் சிரிக்கவில்லை. "பெற்றோர்கள் புகார் சொல்றாங்க மேடம். இனியும் இப்படி அறுந்தா இந்த பேட்சை வேற டீச்சருக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வழியில்லை" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதனால்தான் நிஜமாகவே மாற்றிவிடுவார் என்று தோன்றியது.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் கம்ப்யூட்டர் படிக்கிறவள். ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த முகவரியைப் படிக்கச் சொல்லி, அதன் வழியாக உள்ளே போக வைத்தாள். இதுவரை யார் யார் நம் வைஃபையில் சேர்ந்தார்கள் என்று அங்கே தெரிந்தது. விரலை வைத்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இப்போது ஊரில் இல்லாதவர்கள் போன்கூட இருந்தது. எதிர்ச்சந்து டீக்கடை டிவியும் இருந்தது. அந்த டிவியில் சாயந்தரம் முழுக்க சினிமா ஓடுவது எனக்குத் தெரியும். அது என் தலையில் ஓடுகிறது என்பதுதான் தெரியாது.

"மொதல்ல ரவுட்டருக்குள்ள நுழையற பாஸ்வேர்ட மாத்துங்க உம்மா. கம்பெனிக்காரன் வச்சதே இன்னும் இருக்கு. அப்பறம் வைஃபை பாஸ்வேர்ட மாத்துங்க" என்றாள் மகள். அவள் சொல்லச் சொல்ல இரண்டையும் மாற்றினேன். வைஃபைக்கு என் கல்யாணத் தேதியை வைத்தேன். வரிசையே அமைதியானது. அன்றைக்கு வகுப்பு ஆற்று நீர் மாதிரி ஓடியது.

மறுநாளே பழைய கதை. என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்களுக்கு என் கல்யாணத் தேதி தெரியாதா? தங்கச்சி வீட்டுக் கூடத்தில் பெண்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து, போனை நடுவில் வைத்து, சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை. கதவு இறுகிக்கொண்டால் தோளால் ஒரு தள்ளுத் தள்ளுவதில்லையா, அந்த மாதிரிதான் அவர்களுக்கு. தங்கச்சி இடைக்கதவு வழியாகத் தலையை நீட்டி, "வைஃபை என்னமோ மக்கர் பண்ணுச்சு லாத்தா, நாங்களே சரி பண்ணிட்டோம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

மகளின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் வைத்தேன். டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். மச்சானின் துபாய்க் கம்பெனிப் பெயரை வைத்தேன். அதற்குக் கொஞ்சம் பாடுபட்டார்கள், ஆனாலும் சாய்த்துவிட்டார்கள். மகள் எரிச்சலாகி, எழுத்தும் எண்ணும் கலந்து அர்த்தமே இல்லாத ஒன்றை அனுப்பினாள். எனக்கு அது மனதில் நிற்கவில்லை. ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினேன். எங்கள் வரிசையிலேயே பெரிய ஃப்ரிட்ஜ் என்னுடையதுதான். நாலு வீட்டு மீனும் அதில்தான் இருக்கிறது. நான் செய்த காரியத்தைக் கேட்டு மகள் போனிலேயே தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

திரும்பவும் அர்த்தமில்லாத ஒன்று. இந்த முறை எங்கேயும் எழுதவில்லை, வாய்க்குள் ஓதி ஓதி மனப்பாடம் செய்தேன். அப்படியும் சாச்சி வீட்டு போன் மட்டும் உள்ளே இருந்தது. எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். ரவுட்டரைத் துடைக்கப் போனபோதுதான் அதன் பின்னால் ஒரு பொத்தானில் சுண்ணாம்பு விரல் அடையாளம் பார்த்தேன். வரிசையில் வெற்றிலை போடுவது சாச்சி ஒருவர்தான். மகளிடம் கேட்டால், "அந்தப் பொத்தான அமுக்கினா பாஸ்வேர்டே தேவையில்ல உம்மா, போன் தானா சேந்துரும்" என்கிறாள். சாச்சிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. நேரில் கேட்டேன்.

"நான் என்னத்தப் புள்ள கண்டேன்? பச்சையா மினுக்கு மினுக்குன்னு இருந்துச்சு, அமுக்கிப் பாத்தேன்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

அந்தப் பொத்தானை வேலை செய்யாதபடி நிறுத்தினோம். இதற்குள் எனக்கு அந்த அர்த்தமில்லாத சொல் மறந்தேபோய், வகுப்புக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் என் வீட்டு வைஃபைக்குள் நானே நுழைய முடியாமல் நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஃப்ரிட்ஜில் இருந்த எல்லோருடைய மீனையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். சாயந்தரத்துக்குள் அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது.

"உம்மா, எனக்கு ஒரு வழிதான் தெரியுது" என்றாள் மகள். "உங்களுக்கு மறக்கவே மறக்காத ஒண்ணு வேணும். நீளமா இருக்கணும். அது உங்களத் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்கக் கூடாது. யோசிங்க."

யோசித்தேன். அரிசி களைந்துகொண்டே யோசித்தேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்று. என் சர்க்கரை அளவு வரிசைக்கே தெரியும். என் நகை எங்கே இருக்கிறது, எந்தப் பல்லைப் பிடுங்கினேன், யாரோடு எப்போது முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாம் தெரியும். எனக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்தவையும் உண்டு. இத்தனை வருஷத்தில் நான் எனக்கென்று ஒன்றைக்கூட மறைத்து வைக்கவில்லையா என்று நினைத்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அப்புறம் ஞாபகம் வந்தது, ஒன்று இருக்கிறது!

கல்யாணத்துக்கு முன்னால், வார இதழ்களுக்குச் சிரிப்புத் துணுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். போஸ்ட் கார்டில் எழுதி, வாப்பாவின் வியாபாரக் கடிதக் கட்டுக்கு நடுவில் செருகிவிடுவேன். அது தானாகத் தபால் ஆபீசுக்குப் போய்விடும். சொந்தப் பெயரில் எழுதத் தைரியம் இல்லை. ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டேன். நல்ல நீளமான, மிடுக்கான ஆண் பெயர். சிலது அச்சில் வந்தது. வீட்டுக்கு வரும் அந்த இதழ், கிழிகிறவரை கைமாறும். என் துணுக்கைப் படித்துவிட்டு வாப்பா தொடையைத் தட்டிச் சிரித்ததை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். யார் எழுதியது என்று ஒரு ஆளுக்கும் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு எழுதவில்லை. மச்சானிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லக் கூடாதென்று இல்லை, சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவே இல்லை.

அந்தப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்தேன். என்ன பெயர் என்று இங்கேயும் எழுதமாட்டேன். பாஸ்வேர்ட் அல்லவா.

தங்கச்சி வீட்டுக் கூட்டம் ஒரு வாரம் முட்டி மோதிப் பார்த்தது. முடியவில்லை. தங்கச்சி இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டுத் தன் வீட்டுக்கே ஒரு இணைப்பு வாங்கிக்கொண்டாள். சாச்சி அதில் ஒட்டிக்கொண்டார். டீக்கடையில் பழையபடி பாட்டுப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். லாத்தா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. முறைக்கவும் இல்லை. வழக்கம்போல இடைக்கதவு வழியாக வந்தாள், மீனை எடுத்தாள், என் குழம்பில் உப்பு இல்லை என்று குற்றம் சொன்னாள், போனாள்.

என் வகுப்பு அதற்குப் பிறகு ஒரு நாளும் அறுந்ததில்லை. பருவம் முடிந்தபோது பிள்ளைகள் ஆளுக்கொரு குறள் சொன்னார்கள். குவைத்துக்காரன் ழகரத்தைப் பிசகாமல் சொல்லிவிட்டு, "டீச்சர் வாயைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்" என்று சேர்த்தான். சென்னை அம்மையார் போன் செய்து, அடுத்த பருவத்துக்கு இன்னொரு வகுப்பும் என்னிடம் தருவதாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்றால் எனக்கு முதல் ஆள் எப்போதும் லாத்தாதான்.

இடைக்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கூடத்தில் இல்லை, அடுப்படியில் இல்லை. மாடிப்படியில் அவள் செருப்பு கிடந்தது. ஏறிப் போனால், மொட்டைமாடியின் ஒரு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கையில் போன். திரையில் அவள் மகனுடைய முகம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது. "உம்... மா... சாப்ட்..." என்று பாதிப் பாதியாக வந்து நின்றுவிட்டது.

அவள் மகன் சவூதியில் ஒரு கடையில் நிற்கிறான். அங்கே மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாயந்தரம் திறப்பார்கள். அந்த இடைவெளிதான் அவனுக்கு உம்மாவோடு பேசக் கிடைக்கும் நேரம். நம் கணக்குக்கு அது சரியாக என் வகுப்பு நேரம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஜன்னல் வழியாக லாத்தா மாடியில் நிற்பதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். துணி எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு துணி ஏது என்று யோசிக்கவில்லை.

"போன இங்கன குடு லாத்தா. கீழ வா, வைஃபை போட்டுத் தாரேன்" என்றேன்.

கீழே என் கூடத்துக்கு வந்தோம். போனை வாங்கி நான் அடிக்கத் தொடங்கியதும், பழக்க தோஷம், என் இன்னொரு கை தானாகத் திரையை மறைத்தது.

லாத்தா சிரித்தாள். "மறைக்காதடி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

அவள் சொன்னாள். என் புனைபெயரை, முழுதாக, ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். அந்தப் பெயரை இன்னொரு வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் மொத மொத தொதல் கிண்டுனேன்ல, பாகு இறுகி அகப்ப உள்ள மாட்டிக்கிட்டு, கடேசில சட்டியோட வெட்டி எடுத்தோம்ல? அடுப்படில இருந்தது நீயும் நானும்தான். மறுமாசம் அது அப்படியே புத்தகத்துல வந்துருக்கு, கீழ ஏதோ ஒரு ஆம்பளப் பேரு. எவன்டி இவன், நம்ம அடுப்படில ஒளிஞ்சிருந்தான்னு நெனச்சேன். அன்னைக்கே தெரியும்."

"ஏன் லாத்தா சொல்லல?"

"சொன்னா நீ வெக்கப்பட்டு நிறுத்திருவ. வாரா வாரம் அந்தப் பேரத்தான் மொதல்ல தேடுவேன். உன் கல்யாணத்துக்கு அப்பறமும் ரொம்ப நாள் தேடுனேன்."

அப்போதுதான் அடுத்த கேள்வி எனக்குத் தட்டியது.

"வைஃபைக்கு அதத்தான் வச்சிருக்கேன்னு எப்படித் தெரியும்?"

"தங்கச்சி வீட்டுல எல்லாரும் மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தாளுங்கள்ல, அன்னைக்கு ராவு எனக்குத் தோணுச்சு. போட்டேன், சேந்துக்கிச்சு. ஒடனே அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா? அப்ப இத்தன நாளும் தெரிஞ்சுக்கிட்டே மாடில போய் நின்னியா? புள்ள மொகத்தக்கூடச் சரியாப் பாக்காம? போட்டுக்க வேண்டியதுதானே!" கோபம் வந்து கத்தினேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

லாத்தா என்னை விசித்திரமாகப் பார்த்தாள், இதைக்கூட விளக்க வேண்டுமா என்பது போல.

"தெரிஞ்சா ஆச்சா? நீ தரலியே."

போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரை என் வாயாலேயே சொன்னேன். அவள் அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறவள் மாதிரி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு அடித்தாள். சேர்ந்துகொண்டது. சவூதியில் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது.